குதிரை போகலாம்

பிப்ரவரி 4

அன்புள்ள சின்னவளுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே இரண்டு காலில் நடப்பவர்களும் நாலு காலில் நடப்பவர்களும் நலம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? வேலை முடிந்து வந்து சாப்பிடாமல் படுத்துவிடும் பழக்கம் இன்னும் போகவில்லையா? நீ அனுப்பிய போட்டோவில் கழுத்தெலும்பு தெரிகிறது. உன் அத்தான் அதைப் பார்த்துவிட்டு, "குதிரையா இருந்தா இவளை வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க" என்றார்.

பெரிய செய்தி நம் குதிரை வம்பனைப் பற்றித்தான். நெடுந்தூர ஓட்டத்துக்குக் குதிரை எடுக்கிற பெரிய லாயத்திலிருந்து பதில் வந்துவிட்டது. ஜூன் பதினைந்தாம் தேதி கூட்டி வரச் சொல்லியிருக்கிறார்கள். நாலு வயதுதான் ஆகிறது, அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள் என்று இவருக்குத் தலைகால் புரியவில்லை. அங்கே வேகத்தைப் பார்க்க மாட்டார்கள். பகல் முழுக்க மேடும் பள்ளமுமாய் ஓடவிட்டு, நடுநடுவே நிறுத்திப் பார்ப்பார்கள். மூச்சு எப்போது அடங்குகிறது, நாடி எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது, புது இடத்துத் தண்ணீரைக் குடிக்கிறதா, தோலைக் கிள்ளி விட்டால் உடனே படிகிறதா, எல்லாம் பார்ப்பார்கள். தேறினால் வம்பன் அங்கேயே தங்குவான். பழக்கியவர் என்று உன் அத்தானையும் கூடவே வைத்துக்கொள்வார்கள். கல்யாணமான நாளிலிருந்து இவர் சொல்லிக்கொண்டிருக்கும் இடம் அது.

என் வேலை பழைய வேலைதான். ஓட்டம் முடிந்து வரும்போது வாளியும் பஞ்சுமாக நின்று, கழுத்தில் தண்ணீர் விட்டு, இடது முழங்கைக்குப் பின்னால் காது வைத்துத் துடிப்பை எண்ணுவது. அதில்தான் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். வம்பன் இப்போதெல்லாம் மேட்டில் பாதியிலேயே நின்றுவிடுகிறான். குளிரிலும் நெற்றி வேர்க்கிறது. சும்மா படுத்திருக்கும்போது கேட்டாலும் துடிப்பு நடுவில் ஒன்றை விழுங்கிவிட்டுப் போகிறது. நீ இதய வார்டு நர்ஸ், நாளெல்லாம் இதயக்காரர்கள் நடுவில் இருக்கிறாய். பெரிய டாக்டராகப் பார்த்துக் கேட்டு எழுது.

கீழே வழக்கம்போல அத்தானுக்கு இடம் விட்டிருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா

சின்னவளே, நான்தான். வம்பனுக்கு ஒன்றும் இல்லை. மேட்டில் நின்று ஊரை வேடிக்கை பார்க்கிறான். உன் அக்காவுக்குக் காதில் பூச்சி புகுந்திருக்கும். நீ நன்றாகச் சாப்பிடு. - அத்தான்


பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஆசை. சாப்பிடுகிறேன். கழுத்தெலும்பு போட்டோவின் தப்பு.

சாப்பாடு முடிவதற்கு முன்னால் உறையைப் பிரிக்கக் கூடாது என்ற உங்கள் வீட்டுச் சட்டம் இன்னும் இருக்கிறதா? தட்டை எடுத்து வைத்துவிட்டு, அத்தான் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, என் குரலில் இதை வாசிப்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. அத்தான், என் குரல் அவ்வளவு கீச்சு இல்லை.

வம்பனைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? நான் பார்க்கும் இதயங்கள் எல்லாம் சட்டை போட்டவை. மாட்டு டாக்டர் அத்தானின் சீட்டுக் கூட்டாளிதானே, அவரிடம் காட்டுங்கள்.

இங்கே வேலை அதிகம். என் அறை ஜன்னலுக்கு நேர் கீழே சலவைக்கூடம்; வெளுத்த போர்வைகளின் ஆவி மேலே ஏறி வருகிறது. அறைத் தோழி அதற்காகவே ஜன்னலைத் திறப்பதில்லை. எனக்கு அந்த வாசனை பிடித்துவிட்டது.

அன்புடன்,
சின்னவள்


மார்ச் 9

சின்னவளே,

நலமா என்று கேட்கக்கூட இந்தக் கடிதத்தில் நேரமில்லை. தபால் நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். பேனா கயிற்றில் கட்டியிருக்கிறது, கை எட்டவில்லை. இதில் அத்தானுக்கு இடம் விடவில்லை என்பதைப் பார்த்திருப்பாய்.

வம்பனுக்கு ஒன்றும் இல்லை. நான் எழுதியதெல்லாம் உன் அத்தானைப் பற்றி.

உனக்குப் புரிந்துவிடும் என்று நினைத்தேன். புரியவில்லை, உன் மேல் தப்பில்லை. மேட்டில் பாதியில் நிற்பது இவர். கடிவாளத்தைச் சரி பண்ணுவது போல நடிக்கிறார். நெற்றி வேர்ப்பது இவருக்கு. ஒரு மத்தியானம் இவர் கண்ணயர்ந்திருந்தபோது, குதிரைக்கு வைப்பது போலக் காதை நெஞ்சில் வைத்துவிட்டேன். ஓடி, நின்று, மறுபடி ஓடியது. இத்தனை வருஷம் எத்தனை குதிரைக்கு எண்ணியிருக்கிறேன், சின்னவளே. இப்படி ஒன்று இருந்தால் அன்றைக்கே சேணத்தை இறக்கிவிடுவேன்.

கேட்டேன். "மூச்சு வாங்கறது குதிரைக்காரனுக்கு என்ன புதுசா? சும்மா இரு" என்றார். டாக்டர் என்ற வார்த்தையை எடுத்ததும் முகம் மாறிவிட்டது. இவர் அப்பா தன் காலால் நடந்து போய் ஆஸ்பத்திரியில் படுத்தவர், திரும்பி வரவில்லை என்பது உனக்குத் தெரியும். "இன்னொரு தடவை அந்தப் பேச்சை எடுத்தா நான் லாயத்துலயே படுத்துக்கறேன். உன் தங்கச்சிகிட்ட மூச்சு விட்டே, அவ்வளவுதான்" என்றார். போன் கூடத்துச் சுவரில் இருக்கிறது, அதற்குக் கீழே உட்கார்ந்துதான் இவர் காலணி மாட்டுகிறார், கழற்றுகிறார். தபால்காரர் கடிதத்தை இவர் கையில்தான் கொடுக்கிறார். மாட்டு டாக்டரிடம் சொன்னால் அன்று சீட்டாட்டத்திலேயே இவர் காதுக்குப் போய்விடும்.

ஜூன் மாதத் தேர்வில் வம்பன் மேல் ஏறப்போவது இவர்தான். பகல் முழுக்க. ஒவ்வொரு நிறுத்தத்திலும் குதிரையின் நெஞ்சைக் கேட்பார்கள். ஏறினவன் நெஞ்சை யாரும் கேட்பதில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று எழுது. ஆனால் வம்பனுக்கு என்று எழுது. அவர்தான் வாசிப்பார்.

அக்கா


மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கும், இதை வாசிக்கும் அத்தானுக்கும்,

நலம், நலமறிய ஆவல். எப்போதும் கை தானாக எழுதிவிடும் வரி இது. இன்றைக்கு யோசித்து எழுதினேன்.

வம்பனைப் பற்றி எங்கள் பெரிய டாக்டரிடம் கேட்டேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. இதயம் யாருடையதாக இருந்தாலும் அதன் பேச்சு ஒன்றுதான் என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், அத்தான், தயவுசெய்து நிறுத்தி நிதானமாக வாசியுங்கள்.

வம்பனை உடனே காட்ட வேண்டும். சும்மா காது வைத்துக் கேட்டால் போதாது. நெஞ்சில் ஒயர் ஒட்டிப் படம் எடுக்க வேண்டும். அந்தப் பெட்டி இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கே போக வேண்டும். அதுவரை பாரத்தோடு மேடு ஏறக் கூடாது. வயிறு நிறையத் தின்ற கையோடு வேலை கூடாது. இடது முன்னங்கால் இழுக்கிற மாதிரி தெரிந்தால், கால் வலிதானே என்று தைலம் தேய்த்துக்கொண்டு இருக்கக் கூடாது. வேர்த்து, தலையைத் தொங்கப்போட்டு நின்றுவிட்டால், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும் என்று காத்திருக்கவே கூடாது. வண்டியில் ஏற்றிவிட வேண்டும். டாக்டர் கொடுத்தால், நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை ஒன்று எப்போதும் கைவசம் இருக்க வேண்டும்.

அத்தான், உங்களுக்கு வம்பன் மேல் எவ்வளவு பிரியம் என்று எனக்குத் தெரியும். அவனை நம்பி அந்த வீட்டில் ஒரு ஆள் இருக்கிறாள். ஜூன் போனால் இன்னொரு ஜூன் வரும்.

அன்புடன்,
சின்னவள்


ஏப்ரல் 11

அன்புள்ள சின்னவளுக்கு,

நலம். உன் நலத்துக்கு வேண்டிக்கொள்கிறேன். உன் அத்தானும் நலம் என்று எழுதச் சொல்கிறார்.

உன் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். இரண்டாவது தடவை உன் குரலில் வாசிக்கவில்லை, தன் குரலில் வாசித்தார். "பாரத்தோடு மேடு ஏறக் கூடாது" என்ற இடத்தில் நிறுத்திவிட்டு, வெளியே போய் வம்பன் கழுத்தைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

மறுநாளிலிருந்து சேணம் ஆணியில் தொங்குகிறது. இவர் ஏறுவதே இல்லை. வேலை கொடுக்காமல் விட்டால் குதிரை இறுகிவிடும் என்று, கயிற்றைப் பிடித்துக்கொண்டு வம்பனுக்கு முன்னால் இவர் ஓடுகிறார். மேட்டில் தினமும் ஏறி இறங்குகிறார்கள். வம்பன் வெறும் முதுகோடு பின்னால் சுகமாக நடந்து வருகிறான். நான் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "உன் தங்கச்சி சொன்னதைத்தானே செய்யறேன்" என்கிறார்.

சின்னவளே, நீ சொன்னதைத்தான் செய்கிறார்.

பதிலை உடனே எழுது. வம்பனுக்கு எது நல்லது, எது கெட்டது என்று இன்னும் கொஞ்சம் தெளிவாக எழுது.

அன்புடன்,
அக்கா

சின்னவளே, நீ என் பையனைக் காப்பாற்றினாய். உன்னைக் கீச்சுக்குரல் என்று சொன்ன வாயைக் கழுவிக்கொண்டேன். ஆனால் ஒன்று, குதிரையின் நாக்கு எவ்வளவு பெரிது என்று உங்கள் டாக்டருக்குத் தெரியுமா? அதற்கு அடியில் மாத்திரை வைக்கப் போனவன் கை என்ன ஆகும்? நான் ஓடி ஓடி மாப்பிள்ளை மாதிரி இளைத்துக்கொண்டு வருகிறேன். - அத்தான்


ஏப்ரல் 18

அன்புள்ள அக்காவுக்கு, அத்தானுக்கு,

நலம் விசாரிப்பதை அடுத்த கடிதத்தில் வைத்துக்கொள்கிறேன்.

நான் தப்பாக எழுதிவிட்டேன். பெரிய டாக்டரிடம் மறுபடி கேட்டேன். அத்தான், நீங்கள் முன்னால் ஓடவே கூடாது. நீங்கள் ஓடுவதைப் பார்த்தால் வம்பனுக்குப் படபடப்பு இன்னும் கூடும். நடப்பதும் வேண்டாம். மேட்டுப் பக்கமே போக வேண்டாம். நிழலில் நாற்காலி போட்டு நீங்கள் உட்காருங்கள், அவன் உங்களைச் சுற்றி மேயட்டும். சும்மா சொல்லவில்லை. கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கா, எனக்குக் குதிரையைப் பற்றி எழுதத் தெரியவில்லை. ஒன்றைச் சொன்னால் இன்னொன்று நடக்கிறது. இதே மாதிரி போனால், நான் வம்பனோடு நேராகவே பேசிவிடுவேன். கோபித்துக்கொள்ளாதே.

லீவு கேட்டிருக்கிறேன். ஆள் இல்லை என்று ஜூலைக்குத் தள்ளிவிட்டார்கள்.

சின்னவள்


மே 14

சின்னவளே,

மறுபடியும் தபால் நிலையத்துப் பெஞ்சு. பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம், வெளியே வர முடியவில்லை. இவரை விட்டுவிட்டு வர மனம் இல்லை.

நீ கடைசியாக எழுதிய கடிதத்தை வாசித்ததும் குழம்பிப்போனார். "ஏறாதேங்கறா, நடக்காதேங்கறா, உட்காருங்கறா. அங்க இவ மனுஷங்களைப் பார்க்கிறாளா, இல்ல சும்மா வெள்ளைக் கோட்டு மாட்டிக்கிட்டு நிக்கறாளா?" என்றார். வம்பனை மாட்டு டாக்டரிடம் ஓட்டிக்கொண்டு போனார். அவர் நிற்க வைத்துக் கேட்டார், ஓடவிட்டுக் கேட்டார். இவ்வளவு நல்ல நெஞ்சை நான் கேட்டதே இல்லை என்று சொல்லிவிட்டார். இவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. அன்று வீட்டுக்கு வந்து என்னைத் தூக்கிச் சுற்றப் பார்த்தார். பாதியில் இறக்கிவிட்டார். இறக்கிவிட்டுச் சிரித்தார். எனக்கு உயிர் போய் வந்தது.

மறுநாள் சேணம் ஆணியிலிருந்து இறங்கிவிட்டது. இனி நீ குதிரையைப் பற்றி என்ன எழுதினாலும் இந்த வீட்டில் எடுபடாது.

போன வாரம் தீவனம் இறக்கும்போது வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். நான் கொட்டகையிலிருந்து பார்த்தேன். இடது கையை வலது கையால் தடவிக்கொண்டே இருந்தார். வண்டிக்காரன் பார்க்கிறான் என்று முதுகைத் திருப்பிக்கொண்டார். ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்தேன். முகம் சாம்பலாக இருந்தது. குடித்துவிட்டு, "ஒண்ணுமில்ல, மூட்டையைத் தப்பாத் தூக்கிட்டேன்" என்றார். வண்டியில் ஏற்றிவிட வேண்டும் என்று நீ எழுதியது தலைக்குள் அடித்துக்கொண்டே இருந்தது. வண்டியும் வாசலிலேயே நின்றது. என் வாய் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்று என்னைக் கேட்காதே.

நேராக எழுதிவிடுவேன் என்று நீ மிரட்டியது எனக்குப் புரிந்தது. வேண்டாம். எழுதினால் இவர் பாயைச் சுருட்டிக்கொண்டு லாயத்துக்குப் போய்விடுவார். சொன்னால் செய்கிற ஆள். அங்கே விழுந்தால் எனக்குச் சத்தம்கூடக் கேட்காது. இங்கே பக்கத்தில் படுத்திருந்தால் கேட்டுக்கொண்டாவது இருக்கலாம். இப்போது என் வேலை அது ஒன்றுதான். கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜூன் 5

அத்தானுக்கு,

நான் உங்கள் பெயருக்கு மட்டும் எழுதும் முதல் கடிதம் இது. நலமா என்று கேட்கப் போவதில்லை. நீங்கள் நலமில்லை என்று எனக்குத் தெரியும். இதை உரக்க வாசிக்க வேண்டாம்.

வம்பன் என்று நானும் அக்காவும் எழுதியதெல்லாம் நீங்கள். மேட்டில் நின்றது நீங்கள். துடிப்பை விழுங்கியது உங்கள் நெஞ்சு. உங்கள் வாயாலேயே உங்கள் நோயை உங்களுக்கு வாசிக்க வைத்தோம். திட்ட வேண்டுமானால் என்னைத் திட்டுங்கள். அக்காவை ஒன்றும் சொல்லாதீர்கள், அவள் உங்களுக்குப் பயந்து செய்யவில்லை, உங்களுக்காகப் பயந்து செய்தாள்.

உங்கள் அப்பா ஆஸ்பத்திரிக்குப் போனதால் சாகவில்லை. கடைசியில் போனதால் இறந்தார். என் வார்டில் தினமும் பார்க்கிறேன், அத்தான். கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே வருகிறவர்கள் வீட்டுக்குத் திரும்பிப் போகிறார்கள். மூட்டையைத் தப்பாகத் தூக்கிவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே வீட்டில் இருக்கிறவர்களைக் கடைசியில் படுக்க வைத்துத்தான் கொண்டுவருகிறார்கள். அவர்கள் பெண்டாட்டிகள் நடைபாதையில் நிற்பதையும் பார்க்கிறேன். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்திருப்பார்கள். அந்த இடத்தில் என் அக்காவை என்னால் பார்க்க முடியாது.

வம்பன் மேல் வேறு யாரையாவது ஏற்றுங்கள். நீங்கள் ஏறாதீர்கள். கோபம் வந்தால் லாயத்தில் போய்ப் படுங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுப் படுங்கள்.

உங்கள் சின்னவள்


ஜூன் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? யாராவது பதில் சொல்லுங்கள்.

தேர்வு முடிந்து ஒன்பது நாள் ஆகிறது. அத்தானுக்கு எழுதிய கடிதம் கிடைத்ததா என்று தெரியவில்லை. நேற்றும் இன்றும் போன் அடித்தேன். மணி போய்க்கொண்டே இருக்கிறது, எடுப்பார் இல்லை. நேராக எழுதாதே என்று நீ சொல்லியும் எழுதினேன். அந்தக் கோபத்தில் பேசாமல் இருக்கிறீர்கள் என்று காலையில் நினைத்துக்கொள்கிறேன். அந்த நினைப்பு மத்தியானம் வரைக்கும்கூடத் தாங்குவதில்லை.

வார்டில் அத்தான் வயதுக்காரர்கள் நிறையப் பேர். இன்று ஒருவருக்கு நாடி பார்த்தபோது எண்ணிக்கை தவறிவிட்டது. மறுபடி எண்ணினேன். மறுபடியும் தவறியது. தலைமை நர்ஸ் வந்து என் கையை எடுத்துவிட்டாள்.

திட்டியாவது ஒரு வரி எழுது. இரண்டு பேரில் யாராவது எழுதுங்கள்.

சின்னவள்


ஜூன் 29

சின்னவளுக்கு,

அத்தான் எழுதுவது. படுத்துக்கொண்டு எழுதுவதால் எழுத்து கீழ்ப்பக்கமாக ஓடுகிறது, பொறுத்துக்கொள். உன் கடிதம் நேற்று வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவந்து கொடுத்தார். வீடு பூட்டிக்கிடக்கிறது, நானும் உன் அக்காவும் ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். படுத்திருப்பது நான். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், பயப்படாதே. பயப்பட வேண்டியதைப் பின்னால் சொல்கிறேன்.

என் பெயருக்கு நீ எழுதிய கடிதம் நாங்கள் புறப்பட்ட அன்று காலையில்தான் வந்தது. வம்பனை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். உறையில் என் பெயர் மட்டும் இருந்தது வேடிக்கையாக இருந்தது. பிரித்தேனா? பிரிக்கவில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் உறை பிரிக்கக் கூடாது என்று சட்டம் போட்டவனே நான்தானே. ராத்திரி வாசித்துக்கொள்ளலாம் என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். நீ ஏறாதே என்று எழுதிய காகிதத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஏறிவிட்டேன்.

முதல் நிறுத்தம் வரை வம்பன் பறந்தான். அடுத்தது மேடு. மாட்டு டாக்டர் ஒன்றுமில்லை என்று சொன்னாரே தவிர, நீங்கள் இரண்டு பேரும் என் காதில் போட்டது போகவில்லை. ஒருவேளை அவர் கேட்டதில் தப்பியிருந்தால்? என் பாரத்தால் பையனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? மேட்டடியில் இறங்கிவிட்டேன். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். மற்றவர்கள் எல்லாம் ஏறிப்போனார்கள். பாதியில் நெஞ்சில் யாரோ முழங்காலை வைத்து அழுத்துகிற மாதிரி இருந்தது. வம்பனின் பிடரியைப் பிடித்துக்கொண்டேன். அவன்தான் என்னை இழுத்துக்கொண்டு மேலே வந்தான்.

இரண்டாவது நிறுத்தத்தில் உன் அக்கா வாளியோடு நின்றாள். சோதிக்கிற அம்மா வம்பனைக் கேட்டுவிட்டுத் தலையாட்டினாள். நான் விடவில்லை. "இன்னொரு தடவை கேளுங்கம்மா, இவனுக்கு நெஞ்சு சரியில்லைன்னு வீட்டுல சொல்றாங்க" என்றேன். இன்னொரு தடவை கேட்டாள். "ரொம்ப நல்லா இருக்குங்க" என்றாள். "இல்லம்மா, மூணாவது தடவை" என்று ஆரம்பித்தேன். அப்போதுதான் உன் அக்கா வாளியைக் கீழே போட்டாள்.

"குதிரைக்கு இல்லீங்க. இவருக்கு. இவருக்குத்தான்! இவரைக் கேளுங்க!"

அவள் கத்தி நான் கேட்டதே இல்லை. அங்கே நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அந்த அம்மா சிரிக்காமல் என் சட்டையைத் திறந்தாள். உன் கடிதம் சேற்றில் விழுந்தது. வம்பனின் வேர்வை காயாத அதே கருவியை என் மேல் வைத்தாள். வம்பனைக் கேட்டதைவிட அதிக நேரம் கேட்டாள். சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றுபோனது.

"குதிரை போகலாம். நீங்க போகக் கூடாது" என்றாள்.

வேறு ஒருவர் ஏறி மிச்சத் தூரத்தை முடித்தாராம். வம்பனை எடுத்துக்கொண்டார்கள். வாசலைத் தாண்டியதுமே புதுத் தண்ணீரைக் குடித்தான் என்று ஆள் அனுப்பிச் சொன்னார்கள். என்னை எடுத்துக்கொள்வதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

உன் கடிதத்தை இங்கே வந்துதான் வாசித்தேன். சேறு காய்ந்து இரண்டு வரி போய்விட்டது, மீதி புரிந்தது. கோபம் வந்தது. ஊரைக் கூட்டி என்னைக் குதிரையாக்கினாளே என்று உன் அக்காவோடு நாலு நாள் பேசவில்லை. அவளும் பேசவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் மணிக்கட்டில் விரலை வைத்து எண்ணிக்கொண்டே இருந்தாள். எத்தனை என்று ஐந்தாவது நாள் நான்தான் கேட்டேன்.

இனி பயப்பட வேண்டியது. நெஞ்சைத் திறக்க வேண்டும் என்கிறார்கள். மூன்று இடத்தில் அடைப்பு. தள்ளிப்போட முடியாதாம். கையெழுத்துப் போட்டுவிட்டேன். போட்டுவிட்டு, பக்கத்துக் கட்டில்காரரிடம் ஜோக் அடித்தேன். டாக்டர்களிடம் ஜோக் அடித்தேன். என் அப்பா படுத்திருந்தபோதும் இதைத்தான் செய்தார். எல்லாரையும் சிரிக்க வைத்தார். கடைசி நாளில் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார், வெயில் கண்ணில் படுகிறது என்று சொன்னார். ஜன்னல் மூடியிருந்தது. நான் அப்போது பக்கத்தில் இருந்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது, சின்னவளே. ரொம்பப் பயமாக இருக்கிறது. உன் அக்காவின் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல வாய் வரவில்லை. உறையை ஒட்டுவதற்கு முன்னால் அவள் வாசிப்பாள், அது தெரிந்துதான் எழுதுகிறேன். கீழே அவளுக்கு இடம் விட்டிருக்கிறேன்.

அத்தான்

வாசித்தேன். அவருக்கே உரக்க வாசித்துக் காட்டினேன். பயம் என்ற இடத்தில் காகிதத்தை அவர் கையில் கொடுத்துவிட்டேன். மீதியை அவர் வாசித்தார். அடுத்த திங்கட்கிழமை காலையில் ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோகிறார்கள். எனக்கும் பயமாக இருக்கிறது என்று அவரிடம் சொல்லிவிட்டேன். இரண்டு பேரும் சொல்லிவிட்டோம், குறையவில்லை. லீவு கேட்டுக்கொண்டு நிற்காதே. புறப்பட்டு வா.